கொண்டைக்காரனின் பெயர்

அது என்னவென்று ஞானசுந்தரிக்குத் தெரியாமலா இருக்கிறது. தலையில் சிவப்புக் கொண்டை, தாடைக்கடியில் இரண்டு சிவப்புத் தொங்கல், வாலில் பச்சையும் கருநீலமுமாய் வளைந்து விழும் இறகு, காலில் முள், மதுரைக்கே தான்தான் பொழுதை விடியவைத்தது மாதிரி ஒரு நிமிர்வு. மேசைமேல் கிடந்த அட்டையில் அது ஒற்றைக் காலைச் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது. படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த பெயரின் மேல் ரிஸ்வானா ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்திருந்தாள். பிளாஸ்திரிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் ஞானசுந்தரிக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு, இருந்தவள் இல்லை, இருக்கிறவளுக்கு, இதுகூடவா தெரியாது. தெரிவது மண்டைக்குள், வர வேண்டியது வாய்க்கு, இரண்டுக்கும் நடுவே அளந்தால் ஒரு சாண் இருக்குமா. அந்த ஒரு சாண் வழியைத்தான் பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு ரத்தக்கட்டி வந்து அடைத்துவிட்டுப் போனது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி. கை போனால் போகட்டும். கரும்பலகையில் இடது கையால் எழுதிக்கொள்ளலாம், கோணலாய் வந்தால் பிள்ளைகள் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். சொல் வேண்டுமே. “நிதானமாப் பாத்துச் சொல்லுங்க டீச்சர், ஒரு அவசரமும் இல்ல” என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இந்த ரிஸ்வானா, நல்ல பிள்ளை, பொறுமைக்காரி. அவசரம் இல்லையாம். இருக்கிறது தாயே, அவசரம் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் புருஷன் பால்பாண்டி உட்கார்ந்திருக்கிறார், அவர் சட்டைப்பையில் போன் இருக்கிறது, மதியத்துக்குள் அந்த போனில் ஹெச்.எம். எஸ்தர் கூப்பிடுவாள். ஜூனில் ஞானசுந்தரி டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வருவார்களா மாட்டார்களா, இன்றைக்கு ஒரு முடிவு சொல்லிவிடுங்கள் சார், இல்லையென்றால் நிர்வாகம் வேறு ஆளைப் போட்டுவிடும் என்பாள். ஞானசுந்தரி பாதியில் விட்டுவந்த ஒன்பதாவதுப் பிள்ளைகளுக்கு ஜூனில் பொதுப்பரீட்சை வருஷம் தொடங்குகிறது. ஆட்டோவில் வரும்போது பால்பாண்டி அவள் காதருகே குனிந்து கத்தினார், காதில் கோளாறு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு இன்னும் ஏறவில்லை. “இந்தா பாரு சுந்தரி, இன்னைக்கு ஒரே ஒரு அட்டைய நீயாப் பாத்து, நீயாப் பேரு சொல்லிரு. ஜூன்ல போறதப் பத்திப் பேசுவோம். வரலையா, விட்ரு. உடம்புதான் முக்கியம்.” குடையைப் பார்த்து அவள் சாவி என்றாள். சாவியைப் பார்த்துப் பல் என்றாள். மாட்டுக்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே மாடு என்றுவிட்டார். இப்போது இந்தக் கொண்டைக்காரன் வந்து நிற்கிறான்.

கோழி வருகிறது. கோழி உதட்டுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டு வெளியே குதிக்கட்டுமா என்கிறது. ஆனால் கோழி என்றால் பாதி மார்க்தான், மற்றவர்களுக்குப் பாதி மார்க் போட்டே பழகியவள் தானே போய்ப் பாதி மார்க் வாங்குவதா. பெட்டை வருகிறது, பேடு வருகிறது, அளகு என்று யாருமே இன்றைக்குச் சொல்லாத ஒன்றுகூட வருகிறது, எல்லாம் இவன் பெண்டாட்டியின் பெயர்கள், இவனைத் தவிர வீட்டில் எல்லோரும் வந்து வாசலில் நிற்கிறார்கள். ஆண் பெயர்களும் வருகின்றனவே, யானைக்குக் களிறு, மானுக்குக் கலை, குரங்குக்குக் கடுவன். கடுவன் என்றதும் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரித்து உருளும், சிரிப்பு அடங்கினதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, “டீச்சர், கரப்பான்பூச்சிக்கு?” என்று கேட்பாள், வருஷத்துக்கு ஒருத்தி அப்படி எப்படியோ வந்து சேர்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு இவன் வருவான். இவனுக்கென்றே அவள் முழுசாய் ஒரு பீரியடை ஒதுக்கி வைத்திருந்தாள். பிள்ளைகளா, இவன் பேரு ஒரு காலத்துல இவனுக்கு மட்டும் சொந்தமில்ல, சிறகு வச்ச ஆண் எதுவோ அதுக்கெல்லாம் இதுதான் பேரு. அன்னத்தில் ஆண் என்றால் இதுதான், புறாவில் ஆண் என்றால் இதுதான், ஆந்தையில் ஆணுக்கும் இதையே சொல்லிப் பாடி வைத்திருக்கிறார்கள். மயிலுக்கு மட்டும் ஆகாது என்று பழைய இலக்கணம் தள்ளி வைத்தது, ஏன் என்று கேட்டால், அவன் தோகையே போதும் என்று இருந்துவிட்டான், பெயர் வேறு எதற்கு என்று அவள் சொல்வாள், அது இலக்கணம் இல்லை, சொந்தச் சரக்கு. கல்லூரியில் பாடம் எடுத்த பேராசிரியர் இந்தச் சொல்லுக்கு வேர் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலெழுத்துக்குப் பொருள் சிவப்பு, இவன் கொண்டை சிவப்பு, முடிந்தது கதை, அடுத்த சொல் என்று பலகையை அழிக்கப் போனார். ரெட்டைச் சடையோடு ஞானசுந்தரி எழுந்து நின்றாள். “ஐயா, அப்ப அன்னம்? அது முழுக்க வெள்ளையாச்சே. அதுக்கு எப்படிச் சிவப்புப் பேரு வந்தது?” வகுப்பு கொல்லென்று சிரித்தது. “உட்காரும்மா” என்றார். உட்கார்ந்தாள், ஒத்துக்கொள்ளவில்லை. எருதுக்கு ஒரு பழைய பெயர் உண்டு, அதுவும் அதே எழுத்துத்தான், அந்த எருதின் மிடுக்கிலிருந்து இந்தப் பெயர் வந்திருக்குமோ என்று பிற்பாடு நினைத்துப் பார்த்தாள், இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தன் பிள்ளைகளிடம் மழுப்பாமல் சொல்லிவிடுவாள், இதோட வேரு எதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது, பரீட்சையில தெரியாதுன்னு எழுதுனாலும் மார்க் போடுவேன். என்ன ஆனதென்று மட்டும் தெரியும். அன்னம் விட்டுக்கொடுத்தது, புறா விட்டுக்கொடுத்தது, ஆந்தை தனக்கு அப்படியொரு பெயர் இருந்ததையே மறந்தது, வானம் பூராவுக்கும் பொதுவாய் இருந்த பெயர் இறங்கி இறங்கிக் கடைசியில் குப்பைமேட்டில் கிளறிக்கொண்டு திரிகிற இவன் ஒருவனிடம் வந்து நின்றது. இவன் விடவில்லை. இப்போது கடையில் உரித்துத் தொங்குகிற பிராய்லருக்கு ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது, அரைக் கிலோ ஒரு கிலோதான், ஆனாலும் இவனைப் பார்த்தால் மதுரையில் பால்குடி மாறாத பிள்ளைகூட அந்தப் பெயரைச் சொல்லும். எல்லாம் ஞாபகம் இருக்கிறது பாருங்கள். முதலெழுத்தின் பொருள் சிவப்பு என்று ஞாபகம் இருக்கிறது, அந்த எழுத்து என்னவென்றுதான் இல்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாகிவிட்டது, கொல்லைப்புறம் தெரிகிறது, கிணறு தெரிகிறது, கதவைத்தான் காணோம்.

அப்போது ஒன்று வந்தது. எங்கிருந்தோ அடித்தொண்டையிலிருந்து உருண்டு மேலேறி, முட்டி, உதட்டைத் திறந்துகொண்டு வெளியே விழுந்தது. “குக்குடம்” என்றாள் ஞானசுந்தரி. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொல்லிவிட்டாள், வடமொழிச் சரக்குத்தான், ஆனாலென்ன, தமிழ்ப் புலவர்கள் எடுத்து ஆண்ட சொல், இவன் பெயரேதான், அகராதியில் இருக்கிறது, முழு மார்க் இல்லாவிட்டாலும் முக்கால் மார்க். அவள் நிமிர்ந்து ரிஸ்வானாவைப் பார்த்தாள். ரிஸ்வானா வருத்தமாய்ச் சிரித்தாள். கையிலிருந்த தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். “பரவாயில்ல சார், சில சமயம் இப்படி இல்லாத வார்த்தையா வரும். பயந்துக்காதீங்க, போகப் போகச் சரியாயிரும்” என்றாள் பால்பாண்டியிடம். “வீட்டுலயும் இப்படித்தாம்மா. என்னத்தையோ சொல்லுவா, நானும் தலைய ஆட்டிருவேன்” என்றார் பால்பாண்டி. அடப் பாவிகளா, இல்லாத வார்த்தையா. எத்தனை நூற்றாண்டாய் இருக்கிற வார்த்தை, நீயும் நானும் செத்த பிறகும் இருக்கப்போகிற வார்த்தை. அகராதியை எடு என்று சொல்ல வந்தாள், “எடு, எடு” என்பதுவரை சரியாய் வந்தது, அடுத்து வந்தது துடைப்பம். “தொடப்பமா? தொடப்பம் எதுக்கு இப்ப?” என்று அவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். சிரிப்பு வந்தது அவளுக்கு, சிரிப்பின் பின்னாலேயே பயமும் வந்தது, குளிர்ந்த தண்ணீரை முதுகில் ஊற்றினதுபோல ஒரு பயம். வீட்டில் இந்த மூன்று மாதமாய் அவள் சொன்னதில் எத்தனை உண்மையான சொல்லோ. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனதில் எத்தனை இருந்ததோ. நல்ல சொல்லும் உளறலும் ஒரே பையில் கிடக்கின்றன, வெளியே இருப்பவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, பிரித்துக் காட்ட அவளுக்கு வாய் இல்லை. இப்படியே போனால் ஒரு நாள் அவளுக்கே தெரியாமல் போகும். எது சொல், எது சத்தம் என்று தனக்கே தெரியாத ஒருத்தியாய் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள், பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து அவரிடம் கொடுப்பார்கள்.

அவரிடம்தான் கொடுக்கிறார்கள், அவரிடம்தான் பேசுகிறார்கள். பால்பாண்டி என்ற இந்த மனுஷனுக்கு, மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஏறி மேலேயே இருந்து பழகினதாலோ என்னவோ, பேச்சே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் சொன்னது மொத்தம் ‘காப்பி நல்லாருக்கு’. கல்யாணத்துக்குப் பிறகும் கடைக்காரனிடம், பால்காரனிடம், வீட்டுச் சொந்தக்காரரிடம், அவருடைய சொந்தத் தம்பியிடம்கூட அவருக்காக அவள்தான் பேசுவாள். ‘சுந்தரியக் கேளு’ என்பார், அதோடு சரி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான், கொஞ்சம் என்ன, நிறையவே. இப்போது அவளுக்கு வாய் அடைத்ததும் அவருக்குத் திறந்துகொண்டது. முதல் மாதம் தட்டுத் தடுமாறி டாக்டரிடம் பேசினார், அவர் நெற்றியெல்லாம் வியர்த்தது, பாவமாயிருந்தது. இரண்டாம் மாதம் சொந்தக்காரர்களிடம் பேசினார். இப்போது கேட்கவே வேண்டாம், ஆட்டோக்காரனிடம் அரசியல் பேசுகிறார், தெருவில் நின்று இவள் ரத்தக் கொதிப்பின் வரலாறு சொல்கிறார், கை ஆட்டிப் பேசுகிறார், கதையில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறார். அதெல்லாம் அவளிடமிருந்து கற்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். இன்றைக்குக் காலையில் கீழே டீக்கடையில் கடைக்காரர் இவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், ‘அக்காவுக்கு என்ன?’ காப்பி என்ற சொல் அவளுக்குள் உருவாகி வந்துகொண்டே இருந்தது, கா வந்துவிட்டது, நாக்கு அடியில் தயாராய் இருந்தது, “அவளுக்கு டீ, சீனி கம்மி” என்றுவிட்டார் இவர். கெட்ட எண்ணம் இல்லை. அவள் திண்டாடுவதை அவரால் பார்க்க முடியவில்லை, அவள் வாய் கோணினால் இவர் கண் கலங்கிவிடுகிறது, சட்டென்று கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிற மாதிரி சொல்லைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். அன்புதான். அந்த அன்பில் அவள் இன்றைக்கு டீ குடித்தாள். மதியத்துக்குள் ஹெச்.எம்.மிடமும் அதே அன்போடு சொல்வார், அவளுக்கு இனிமே ரெஸ்ட்தான். ஒரு நாள் அப்படித்தான் யாரிடமோ போனில் சொன்னார், அவள் ஒரு கையால் துணி மடித்துக்கொண்டு கேட்டாள். ரெஸ்ட். எவ்வளவு லேசாய் வந்தது அவர் வாயில் அந்தச் சொல். அவள் தோற்றால் அவர் மறுபடி ஊமையாக வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது, சீச்சீ, அப்படி நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டாள், நினைத்தது நினைத்ததுதான். அவர் வாயும் இருக்கட்டும், என் வாயும் வரட்டும். ஒரு வீட்டில் இரண்டு வாய் இருந்தால் கூரை இடிந்தா விழும்.

ரிஸ்வானா அட்டையின் ஓரத்தைத் தொட்டாள். “இன்னொரு தடவ பாப்போம் டீச்சர். சார், நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க, அவங்களாச் சொல்லட்டும்.” எடுத்துவிடப் போகிறாள் அட்டையை, அவள் விரல் அதன்மேலேயே இருக்கிறது. ஞானசுந்தரி அவனைப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு என்று போகாதே, அந்த வழி பேராசிரியர் வழி, அங்கே போனால் அன்னம் வந்து குறுக்கே நிற்கும். எருது வழியும் வேண்டாம். வேரைத் தோண்டிக்கொண்டு போனால் மண்தான் வருகிறது. அவனைப் பார், அவனை மட்டும் பார். கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, எவனும் எடுத்துக் கொடுக்காமலே தன் சத்தத்தைத் தானே போட்டுக்கொள்கிறவன். நாக்கு எங்கே இருக்கிறது. பல்லுக்குப் பின்னால். பல்லுக்குப் பின்னால் வைத்துக் காற்றை விட்டால் ஒன்று வரும், ஸ் மாதிரி, இல்லை, அதைவிடக் கொஞ்சம் தடித்தது, கதவு தெரிகிறது, தெரிகிறதே, மெதுவாய், பயமுறுத்தாமல் மெதுவாய்ப் போனால். அப்போது ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. பால்பாண்டி நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் உதடு விரிந்து, பல் தெரிந்து, அந்த முதலெழுத்தின் வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. கொடுத்துவிடப் போகிறார். டீயைப் போல, மாட்டைப் போல, இதையும் கொடுத்துவிடப் போகிறார், கொடுத்த பிறகு அது அவளுடையது இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஒன்பதாம் வகுப்புச் சிரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் என்னவோ தீப்பிடித்தது. “வாய மூடுங்க!” என்று கத்தினாள் ஞானசுந்தரி. முழுசாய், ஓர் எழுத்து பிசகாமல், கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில். வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. ரிஸ்வானாவின் பேனா கீழே விழுந்தது. பால்பாண்டி வாயை மூடிக்கொண்டார். அவள் மூச்சு வாங்கியது, திறந்த வாய் இன்னும் மூடவில்லை, வந்த கோபம் கதவைத் திறந்துவிட்டுப் போயிருந்தது, மறுபடி சாத்துவதற்குள், யோசிப்பதற்குள், அவள் அட்டையை இடது கையால் ஓங்கித் தட்டினாள். “சேவல்!”

சேவல். அவளே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். நிஜம்தான், அதுதான், வேறொன்றும் இல்லை. ரிஸ்வானா பிளாஸ்திரியை உரித்து அந்தப் பெயரைக் காட்டினாள், காட்ட வேண்டியதே இல்லை. “சேவல்” என்றாள் இன்னொரு தரம். சொல்லச் சொல்ல இனித்தது. வாய்க்குள் அது என்ன பாடு படுத்துகிறது, பல்லில் உரசிக் கிளம்பி, உதட்டில் ஒரு தட்டுத் தட்டி, நாக்கு மேலண்ணத்துக்குப் போய் முடிகிறது, எவ்வளவு வேலை, இத்தனை வருஷமாய் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒரு நாளாவது ருசி பார்த்திருக்கிறாளா. அன்னமும் இருக்கட்டும், புறாவும் இருக்கட்டும், அவளுக்கு வானம் பூராவும் இன்றைக்கே வேண்டாம். குப்பைமேட்டளவு இடம் போதும், அங்கே நின்று கத்திக்கொள்வாள், மிச்சத்தை ஒவ்வொன்றாய்ப் பிடித்துக்கொண்டு வருவாள். சேவல். சந்தோஷம் தாங்கவில்லை, எழுந்து நின்று ஆட வேண்டும் போல இருந்தது, கால்தான் ஒத்துழைக்காது. “சூப்பர் டீச்சர்!” என்று ரிஸ்வானா கைதட்டினாள், அந்தப் பெண்ணுக்கும் கண்ணில் நீர். பால்பாண்டி மூடின வாயை மூடினபடியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார், தோள் குலுங்கியது, கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். திட்டு வாங்கினதற்கா அழுகிறார், சொல் வந்ததற்கா என்று பார்த்தாள். இரண்டுக்கும் என்றுதான் தோன்றியது. பாவம் மனுஷன். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள், அந்தச் சொல்லுக்கு இன்னும் வழி தெரியவில்லை, அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். எஸ்தர். பழக்கம் விடுமா, பச்சையை இழுத்துக் காதில் வைத்து, வாயைத் திறந்தார். திறந்தவர் அவளைப் பார்த்தார். ஞானசுந்தரி இடது கையை நீட்டிக்கொண்டிருந்தாள். போனுக்குள்ளிருந்து “சார்? சார், ஹலோ?” என்று சின்னதாய்க் கேட்டது. பால்பாண்டி ஒரு கணம் தயங்கினார். ஜூனுக்குள் எத்தனை சொல் வரும், எது எப்போது கைவிடும் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனாலும் போனை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் காதில் வைத்துக்கொண்டாள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் போயிருக்க வேண்டும். “யாரு, டீச்சரா?” என்றாள் எஸ்தர், அவள் குரல் உடனே குழந்தையிடம் பேசுகிற குரலாய் மாறியது. “டீச்சர், நல்லா இருக்கீங்களா? நீங்க சிரமப்படாதீங்க, நானே சொல்லிர்றேன். ஜூன்ல வர்றதா இருந்தா லேசா ஆறாவது மட்டும் போட்டுத் தரேன், சின்னப் பிள்ளைக, பெருசாப் பேச வேண்டியிருக்காது. இல்ல வீட்டுலேயே இருக்குறதுன்னாலும் சரி. சார்கிட்ட போனைக் குடுங்க, சார் சொல்லட்டும்.” ஞானசுந்தரி அவரைப் பார்த்தாள். சார் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் ஒரு சொல் ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது, தனக்குத் தெரிந்த அதே அவஸ்தை, அவர் அதை விழுங்கிக்கொண்டார். எஸ்தர் காத்திருந்தாள். ரிஸ்வானா காத்திருந்தாள். நேரம் ஓடியது, ஓடட்டும். ஞானசுந்தரி உள்ளே போய்த் தேடினாள், அவசரப்படாமல், விளக்கைப் போட்டுத் தேடுகிறவள் மாதிரி தேடினாள். எட்டு வந்தது, தள்ளினாள். பல் வந்தது, சனியனே போ என்றாள். பிறகு அது வந்தது, அவளுக்கு வேண்டியதேதான் வந்தது, அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“பத்தாவது.”